ஏழாம் இலக்கக் காயம்

குருசுமுத்து அண்ணை டொக்டருக்குக் கொடுக்க வேண்டியிருந்தது நாற்பத்திரண்டு ரூபாய் எழுபத்தைந்து சதம். அறுபத்தெட்டாம் ஆண்டில், ஊர்காவற்றுறையில், அது எங்களைப் போன்றவர்களுக்குச் சின்னக் காசு அல்ல.

எங்கள் மீன்பிடிச் சங்கத்தில் காயநிதி என்று ஒன்று இருந்தது. கடல்தொழிலில் பட்ட காயத்துக்கு மட்டும்தான் பணம். காயங்களுக்கு இலக்கம் போட்ட பட்டியல் ஒன்றும் உண்டு. டொக்டர் எழுதிக் கொடுத்த துண்டை வாசித்து, அது எந்த இலக்கத்துக்குப் பொருந்தும் என்று பார்ப்பது என் வேலை. முப்பத்தாறு வயதில் எழுத்துப் படித்து, பகலெல்லாம் மீன்கூடை சுமந்தவன் நான். ஒவ்வொரு சொல்லாகத்தான் வாசிப்பேன்.

துண்டில், 'வீட்டில் வழுக்கி விழுந்து வலக்கை கிழிந்தது' என்று இருந்தது.

"வீட்டில விழுந்ததுக்குச் சங்கம் என்ன செய்யிறது? துண்டைத் திருப்பிக் குடுத்துவிடும்," என்றார் செயலாளர் பத்திநாதர்.

நான் குருசுமுத்து அண்ணையை வெளியே கூட்டிப்போனேன்.

"வள்ளத்தில பட்டது எண்டு ஏன் டொக்டரிட்டைச் சொல்லேல்லை?"

"கோயில் சுவாமியார் மந்திரிச்சுக் கடலில இறக்கிப் பத்து நாளும் ஆகேல்லையடா. என்ர புது வள்ளம் கையைக் கிழிச்சது எண்டு என்ர வாயாலயே சொல்லுறதோ? ரத்தம் கண்ட வள்ளம் எண்டு பிறகு எவன் அதில ஏறுவான்?"

"அப்ப டொக்டரின்ர காசு?"

"மனுசியின்ர தோடு கிடக்கு."

அவர் மனைவியிடம் இருந்தது அந்த ஒரு சோடிதான். உள்ளே வந்து துண்டைத் திருப்பினேன். பின்பக்கத்தில், செய்த வைத்தியத்துக்குக் காசு எழுதிய இடத்தில் இப்படி இருந்தது: 'உள்ளங்கையிலிருந்து தார்க் கயிற்று நார் எடுத்தது. ஒன்பது தையல்.'

"பத்தியண்ணை, நங்கூரத்துத் தார்க் கயிறு எந்த வீட்டுக் குசினியில கிடக்குது?"

"விழுந்தது வீட்டில எண்டெல்லோ எழுதியிருக்கு?"

"அது இவர் சொன்னது. நார் டொக்டர் கண்டது."

பத்திநாதர் துண்டை வாங்கி இரண்டு பக்கமும் பார்த்தார். "உமக்கு எழுத்துப் படிப்பிச்சவனைப் பிடிச்சு உதைக்கவேணும்," என்று சிரித்தார். "சரி, கயிறு கிழிச்ச காயம், ஏழாம் இலக்கத்தைப் போடும்."

படிவத்தில் வள்ளத்தின் பெயருக்கும் ஓர் இடம் இருந்தது. மேசையைச் சுற்றி நின்ற எல்லோருக்கும் பெயர் தெரியும். ஒருவரும் வாய் திறக்கவில்லை. பத்திநாதர் அந்த இடத்தில் ஒரு கோடு மட்டும் இழுத்தார். அன்று அங்கே நின்ற பாதிப்பேர் இன்று இல்லை. வேறொருவன் வள்ளத்துக்காக அப்படி வாய்மூடி நின்ற அந்த ஆட்களை நினைத்தால், சுமை இறக்கிய தோள்போல மனம் லேசாகும்.

மறுநாள் காசை நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். டொக்டர் எண்ணிப் பார்த்து, கடன் கொப்பியில் குருசுமுத்து அண்ணையின் பெயரை வெட்டிவிட்டார்.