பொருத்தமற்றதை வெட்டுக

அந்தப் படிவத்தில் ஒரு சொல்லை வெட்டியது நான்தான். வெட்டச் சொல்லி யாரும் கேட்கவில்லை.

இரண்டாயிரத்து மூன்றாம் ஆண்டு, ஆடி மாதம். யுத்தம் நின்றுவிட்டதா, களைப்பாறுகிறதா என்று எவருக்கும் தெரியாத காலம். நான் திருகோணமலையில் பல்கலைக்கழக இரண்டாம் வருடத்தில் இருந்தேன். எங்கள் சமூக சேவை வட்டம் மாதம் ஒருமுறை லோஞ்சுப் படகில் கொட்டியாரக்குடாவைக் கடந்து மூதூர்ப் பக்கம் போகும். கிணறு இறைத்திருக்கிறோம், பள்ளிக்கூடச் சுவருக்கு வெள்ளையடித்திருக்கிறோம். அந்த முறை கட்டைபறிச்சானில் நடமாடும் சேவை. இடப்பெயர்வுகளில் அடையாள அட்டையைத் தொலைத்தவர்களுக்கும், ஒருபோதும் எடுக்காதவர்களுக்கும் விண்ணப்பம் நிரப்பிக் கொடுப்பது எங்கள் வேலை.

அதற்கு முதல் வாரம் கொழும்பிலிருந்து வந்த ஒருவர் எங்களுக்கு இரண்டு நாள் பட்டறை நடத்தியிருந்தார். பால்நிலை, அடையாளம், சமூக நீதி. பிறப்பில் எழுதப்படுவது ஒன்று, ஒருவர் தன்னை உணர்வது இன்னொன்றாக இருக்கலாம் என்று அவர் சொன்னதை நான் இரண்டுதரம் அடிக்கோடிட்டு வைத்தேன். மூத்தது ஆணாய்ப் பிறந்திருக்கலாம் என்று அப்பா சொல்லச் சொல்ல வளர்ந்தவள் நான். அந்தச் சொற்கள் எனக்கென்றே வந்தவை போலிருந்தன. அவற்றைப் பாவித்துப் பார்க்க எனக்கு ஒரு ஆள் தேவைப்பட்டது. அப்படி ஒரு தேவை எனக்குள் இருந்தது என்பதைப் பிறகுதான் அறிந்தேன்.

பள்ளிக்கூட மண்டபத்தில் ஆறு மேசைகள் போட்டிருந்தார்கள். எனக்குப் பக்கத்து மேசையில் அசனா. கிண்ணியாப் பிள்ளை, என்னுடைய வகுப்பு. மத்தியானம் நெருங்கும்போது என் வரிசையில் ஒருவர் வந்து நின்றார். சாரமும் சேட்டும். சேட்டின் பொத்தான்கள் கழுத்துவரை பூட்டியிருந்தன. புருவம் நூலால் எடுத்ததுபோல மெல்லிசாக இருந்தது. நகத்தோரத்தில் சுரண்டியும் போகாத சிவப்பு.

“என்ன தவம், பொம்பிளையளுக்கு மற்ற மேசையெல்லோ” என்று பின்னால் நின்ற ஒரு பெண் சொல்ல, வரிசை சிரித்தது.

அவர் திரும்பவில்லை. “உன்ர சட்டைக்குக் கை வைச்சுத் தைச்சது ஆரெண்டு மறந்திட்டியோ? அடுத்த முறை ஒரு கை நீட்டாயும் மற்றது கட்டையாயும் வரும். பாத்துக்கொண்டிரு.”

இந்த முறை வரிசை அந்தப் பெண்ணைப் பார்த்துச் சிரித்தது. அவர் கதிரையில் இருந்தார்.

“எழுதுங்கோ தங்கச்சி. கந்தையா தவராசா. தவம் எண்டுதான் எல்லாரும் சொல்லுறது.”

பிறப்புச் சாட்சிப்பத்திரத்தின் பிரதியை நீட்டினார். எனக்குப் பதினெட்டு வயதில் கிடைத்த அட்டை அவருக்கு இருபத்தைந்து வயதாகியும் கிடைக்கவில்லை. அட்டை இல்லாமல் ஆமியின் சோதனைச் சாவடி தாண்டித் திருகோணமலை ரவுணில் போய்த் தங்க ஏலாது.

“ரவுணில லைலாக்கா எண்டு ஒராள் தையல் கடை வைச்சிருக்கிறா. மார்கழிக்குள்ள வந்தா ஒரு மெசின் தாறன் எண்டவ. பள்ளிக்கூட உடுப்புத் தைக்கிற காலம். பிந்தினா வேற ஆளை எடுத்திடுவா.” பிறகு குரலைத் தணித்தார். “கடைக்குப் பின்னால ஒரு அறையும் தருவா. அந்த அறைக்குள்ள நான் என்ன உடுத்தாலும் ஆரும் கேக்க மாட்டினம்.”

நான் கொப்பியில் எழுதிய வசனம் எழுந்து வந்து எனக்கு முன்னால் இருப்பதுபோல அவரைப் பார்த்தேன்.

படிவத்தின் நடுவில் இருந்தது அந்த வரி. பால்: ஆண் / பெண். பொருத்தமற்றதை வெட்டுக.

ஒரே இழுப்பில் ‘ஆண்’ என்ற சொல்லை வெட்டினேன்.

“இதில ஒப்பம் வையுங்கோ” என்று படிவத்தின் அடியைக் காட்டினேன். அவர் வாசிக்கத் தெரிந்தவர். ஆனாலும் வாசிக்காமலே வைத்தார். படித்த பிள்ளைகள் எழுதினது என்ற நம்பிக்கை. கிராமத்துக்குப் பொறுப்பான விதானையார் அன்றைக்கு நூறு படிவத்துக்கு மேல் தலை நிமிராமல் கையெழுத்துப் போட்டார். அதில் இதுவும் போனது.

திரும்பும்போது லோஞ்சில் அசனாவிடம் சொன்னேன். பெருமையாகத்தான் சொன்னேன். அவள் தன் அடையாள அட்டையை எடுத்தாள்.

“இந்த இலக்கத்தைப் பார். முதல் ரெண்டும் வருசம். மற்ற மூண்டும் வருசத்தில எத்தினையாம் நாள் பிறந்தது எண்டு. நான் பிறந்தது நாப்பதாம் நாள். ஆனா ஐந்நூத்தி நாப்பது எண்டு கிடக்கு.”

“தெரியும். பொம்பிளையளுக்கு ஐந்நூறு கூட்டுறது.”

“இனித் தவத்துக்கும் கூட்டுவாங்க. ஆமிக்காரன் பேரையா வாசிக்கிறான்? இலக்கத்தைப் பார்த்திட்டு, பொம்பிளைப் பக்கம் போ எண்டுவான்.”

“அதுதானே அவவுக்கு வேணும்.”

“வேணுமெண்டு சொன்னவவோ?”

அசனா அட்டையைப் பைக்குள் வைத்தாள். எனக்கு அவள்மேல் கோபம் வந்தது. பட்டறையில் அவளும்தானே இருந்தாள் என்று நினைத்தேன்.

திருகோணமலை இறங்குதுறையில் வழமைபோலச் சோதனைக்கு இரண்டு வரிசை. பெண்கள் பக்கம் சாக்கால் மறைத்த சின்னக் கூடு. நான் உள்ளே போய்க் கைகளை விரித்தேன். பொலிஸ்காரியின் கைகள் தோளில் தொடங்கின. அக்குள், மார்பு, இடுப்பு, தொடை. எத்தனையோ வருடமாக அந்தக் கைகளுக்கு உடம்பைக் கொடுத்துவிட்டு வேறு எதையாவது நினைத்துக்கொண்டு நின்றிருக்கிறேன். அன்றைக்கு நினைக்க வேறொன்றும் வரவில்லை. நான் நின்ற இடத்தில் தவம் நின்றார். அந்தக் கைகள் அவர்மேல் இறங்கின.

பெண் என்று அட்டை. உள்ளே ஆணுடம்பு. அந்த நாட்களில் அதற்கு ஒரே ஒரு அர்த்தம்தான் எடுப்பார்கள்: பெண் வேஷம் போட்டு ஊடுருவ வந்த புலி. கூட்டிக்கொண்டு போனால் எப்போது விடுவார்கள் என்று எவராலும் சொல்ல ஏலாது.

திங்கட்கிழமை காலை முதலாவது லோஞ்சில் மூதூருக்குப் போனேன். படிவங்கள் சேர்ந்திருந்த அலுவலகத்தில் கலீலுர் றஹ்மான் என்றொரு எழுதுவினைஞர் கட்டுக்களுக்குச் சணல் போட்டுக்கொண்டிருந்தார். நடந்ததைச் சொன்னேன். அவர் தவத்தின் படிவத்தைத் தேடி எடுத்து, அதையும் என்னையும் பார்த்தார்.

“பிறப்புப் பத்திரம் ஒண்டு சொல்லுது, படிவம் ஒண்டு சொல்லுது. கொழும்பில கண்ணில பட்டா ஆறு மாசம் கழிச்சுத் திரும்பி வரும். படாட்டி இப்பிடியே அட்டை வரும். ரெண்டும் அந்தாளுக்கு நல்லமில்ல, மகள்.”

“நான் மாத்தித் தரட்டே?”

“இது ஒங்கட படிவமில்லையே. உரிய ஆள் புதிசா ஒப்பம் வைக்கணும். மூணு மணிக்கு இதெல்லாம் ஏத்திக்கொண்டு கொழும்பு வான் வெளிக்கிடும்.” ஒரு வெற்றுப் படிவத்தை என்னிடம் தந்தார்.

கட்டைபறிச்சானில் தவத்தின் வீடு சாவடிக்கு அங்கால். அவர் கால்மெசினில் தைத்துக்கொண்டிருந்தார். நான் சொல்லி முடிக்கும்வரை மெசின் ஓடியது. பிறகு நின்றது.

“ஏன் வெட்டினீங்கள்?”

“நீங்கள் பெண்ணெண்டு எனக்கு விளங்கினது.”

“அது எனக்குப் பத்து வயதிலயே விளங்கினது. அதைக் கேக்கவே உங்களிட்ட வந்தனான்?”

நான் வெற்றுப் படிவத்தை எடுத்து நீட்டினேன்.

“அந்தச் சாக்கு மறைப்புக்குள்ள நீங்கள் போறனீங்களோ?”

“ஓம். ஒவ்வொரு முறையும்.”

“அப்ப தெரியாமலில்லை.”

அவர் கத்தியிருந்தால் எனக்கு இலகுவாக இருந்திருக்கும். நூலைப் பல்லால் கடித்துத் துணியை மடித்து வைத்தார்.

“ஆம்பிளை வரிசையில நிக்கிறது எனக்கு அரை மணித்தியாலம். சேட்டை உயர்த்து எண்டா உயர்த்துவன். பொம்பிளைச்சட்டி எண்டு அவங்கட பாசையில சிரிச்சாலும் நிப்பன். அதைக் குடுத்தா அங்கால மிச்ச நாள் முழுக்க என்ர. நீங்கள் அந்த அரை மணித்தியாலத்துக்கு நீதி தேடி மிச்சத்தைப் பறிக்கப் பாத்தீங்கள், தங்கச்சி.”

மெசின் பலகையில் புதுப் படிவத்தை விரித்தார். “இப்ப கேட்டுக் கேட்டு எழுதுங்கோ.”

பெயர் கேட்டேன். பிறந்த திகதி கேட்டேன். எல்லாம் எனக்குத் தெரிந்தவைதான். அந்த வரி வந்தது.

“ஆணோ, பெண்ணோ?”

“ஆண்” என்றார், வீட்டு இலக்கம் சொல்வதுபோல.

முதற் கோட்டை ஒரே இழுப்பில் கீறியவள் நான். இப்போது ‘பெண்’ என்ற சொல்லின்மேல் பேனையை மூன்று தரம் வைத்து எடுத்தேன். பொய் எழுதுகிறேன் என்று மனம் அடித்துக்கொண்டது. ஆனால் அது அவருடைய பொய். சொல்வதா விடுவதா என்று தீர்மானிக்க வேண்டியவர் எனக்கு முன்னால் இருந்தார்.

“கெதியா வெட்டுங்கோ. வான் போயிடும்.”

வெட்டினேன். ஒப்பம் வைப்பதற்கு முதல் அவர் படிவத்தை மேலிருந்து அடிவரை விரல் வைத்து வாசித்தார்.

வழியில் விதானையாரிடம் கையெழுத்தும் வாங்கிக்கொண்டு அதோடு ஓடினேன். மூன்றுக்குப் பத்து நிமிடம் இருக்க, கலீலுர் றஹ்மான் சணலை அவிழ்த்து, பழையதை உருவிப் புதியதைச் செருகினார்.

கார்த்திகைக் கடைசியில் எனக்கு ஒரு தபாலட்டை வந்தது. ‘அட்டை வந்திட்டுது. சனிக்கிழமை மத்தியான லோஞ்சில ரவுணுக்கு வாறன். உங்களால ஒரு வேலை ஆகவேணும். அதுக்கு முதல் மூதூருக்கு வரவும்.’

போனேன். தவம் புதுச் சேட்டோடு நின்றார். ஒரு துணிப்பையை என்னிடம் நீட்டினார்.

“ஆம்பிளையளின்ர பையைக் கொட்டித்தான் பாப்பாங்கள். இது உங்கட வரிசையால வரட்டும்.” நான் வாங்கித் தோளில் போடப் பார்த்தபோது தடுத்தார். “முதல்ல உள்ளுக்க என்ன கிடக்கெண்டு பாருங்கோ. பிறகு தூக்குறதோ இல்லையோ எண்டு சொல்லுங்கோ.”

பார்த்தேன். இரண்டு சேலை, கண்மைக்கூடு ஒன்று, துவாயில் சுற்றிய கண்ணாடி வளையல்கள்.

“தூக்குறன்” என்றேன்.

திருகோணமலை இறங்குதுறையில் சாக்கு மறைப்புக்குள் பொலிஸ்காரி துவாயை விரித்தாள். வளையல் ஒன்றை எடுத்து என் மணிக்கட்டோடு வைத்துப் பார்த்தாள். பெரிய வளையல். உன்னுடையதா என்று சிங்களத்தில் கேட்டாள். ஓம் என்றேன். அவள் இன்னொரு தரம் என் கையைப் பார்த்துவிட்டு எல்லாவற்றையும் திருப்பிச் சுற்றித் தந்தாள்.

வெளியே வந்து, வாகைமரத்துக்குக் கீழே பையை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு நின்றேன். ஆண்கள் வரிசை நீண்டு கிடந்தது. தவத்தின் முறை வந்தபோது சிப்பாய் அட்டையைப் பார்த்தான். பிறகு முகத்தை. பிறகு புருவத்தை. பக்கத்தில் நின்றவனிடம் ஏதோ சொல்ல அவன் சிரித்தான். தவம் சேட்டை உயர்த்திக்கொண்டு கடல் பக்கம் பார்த்தபடி நின்றார். சேட்டை இறக்கு என்று அவர்கள் சொல்ல நெடுநேரம் எடுத்தது. அந்த நேரம் முழுக்க நான் வேறெங்கும் பார்க்கவில்லை. என்னால் செய்யக்கூடியதாக வேறொன்றும் அங்கே இருக்கவில்லை.

“எவ்வளவு நேரம்?” என்று கேட்டுக்கொண்டு வந்தார்.

மணிக்கூட்டைப் பார்த்தேன். “முப்பத்தைஞ்சு நிமிசம்.”

“அஞ்சு கூட எடுத்துப்போட்டாங்கள்.”

பையை வாங்கி, வளையல் உடைந்ததோ என்று வெளியிலிருந்தே தடவிப் பார்த்தார். பிறகு சேட்டின் மேல் பொத்தானைக் கழற்றிவிட்டு, லைலாக்காவின் கடை இருக்கிற தெருப்பக்கமாக நடந்தார்.