ஜோன்சனுக்கு வாங்கிய சப்பாத்து

விளம்பரத்தில் ‘யோசப்பின்’ என்று மட்டும் பெயர் இருந்தது. பனிச்சறுக்குத் தோல் சப்பாத்து, பழையது, ஒருநாளும் போடாதது, அளவு நாற்பத்தொன்று. உமாபதி ஜெர்மனில் எழுதிக் கேட்டான். ஜெர்மனிலேயே பதிலும் வந்தது. சனிக்கிழமை காலை மியூனிக்கில் ரயிலேறி ஸ்டுட்கார்ட் வந்து, மூன்றாம் மாடியில் மணியை அழுத்தியபோது கதவுக்குள்ளிருந்து மீன்குழம்பு வாசம் வந்தது.

கதவைத் திறந்த பெண்ணுக்கு அறுபது வயதிருக்கும். அவனை ஏற இறங்கப் பார்த்தார்.

“தம்பி தமிழோ?”

“ஆமாங்க. ஈரோடு.”

“நான் ஆரோ ஜெர்மன்காரர் எண்டு நினைச்சன். உள்ளுக்கு வாங்கோ.”

அறையில் சாரம் கட்டிய ஒருவர் சோபா நுனியில் உட்கார்ந்திருந்தார். யோசப்பினின் கணவர் சில்வெஸ்டர். உமாபதியைப் பார்த்துத் தலையசைத்தார். மேசையில் ஓர் அட்டைப்பெட்டி திறந்திருந்தது.

உமாபதி ஒரு சப்பாத்தைக் கையில் எடுத்தான். நல்ல கனம். பழுப்புத் தோல், நீண்ட நாடா, சறுக்குப் பலகையில் பூட்டுவதற்காக விரலுக்கு முன்னால் சதுரமாக நீண்டிருக்கும் அடி. அடியில் ஒரு கீறல்கூட இல்லை. இத்தனை பழைய தோல் வெடித்திருக்கும் என்று நினைத்து வந்தவனுக்கு அது மெத்தென்று இருந்தது ஆச்சரியமாக இருந்தது.

“எண்ணெய் ஏதாச்சும் போடுறீங்களா?”

“இவர்தான். வருசா வருசம் பனி துவங்க முன்னம் பூசி வைப்பார்,” என்றார் யோசப்பின்.

சில்வெஸ்டர் அப்போதுதான் வாய் திறந்தார். “நீர் இதை என்ன செய்யப் போறீர்?”

உமாபதி பதில் சொல்வதற்குள் யோசப்பின் குறுக்கிட்டார். “தம்பி, உங்களுக்கு முன்னம் ரெண்டு பேர் வந்தவை. ஒருத்தர் தன்ர சாப்பாட்டுக்கடைச் சுவரில தொங்கவிடவாம். ஒரு மனுசி பூக்கண்டு நடவாம். இவர் குடுக்கமாட்டன் எண்டிட்டார்.”

உமாபதிக்கு முகம் சுட்டது. புது வீட்டின் கூடத்தில் பழைய மரப் பலகை இரண்டைச் சாய்த்து வைத்து, அதன் கீழே ஒரு சோடி தோல் சப்பாத்து வைத்தால் அழகாக இருக்கும் என்று அவனும் மனைவி பத்மாவும் பேசி வைத்திருந்தார்கள். சறுக்கத்தான் என்று ஒரு வார்த்தை சொன்னால் காரியம் முடிந்துவிடும். அது நாக்குவரை வந்தது. ஆனால் அந்த மனிதர் இரண்டு கைகளையும் முழங்கால்களுக்கு நடுவே வைத்துக்கொண்டு காத்திருந்த விதம் அவனைப் பொய் சொல்ல விடவில்லை.

“நானும் அழகுக்கு வைக்கத்தாங்க கேட்டேன். எனக்கு ஸ்கீயிங் தெரியாது. ஸாரி அண்ணா.” சப்பாத்தைப் பெட்டியில் வைத்துவிட்டு எழுந்தான்.

“இரும்,” என்றார் சில்வெஸ்டர்.

அவன் உட்கார்ந்தான்.

“இது என்ர தம்பிக்கு வாங்கினது. ஜோன்சன். தொண்ணூற்றிரண்டு தை மாசம் பிராக்கில இருந்து ரெலிபோன் எடுத்தவன். அண்ணை, ஒரே பனி, என்ர சப்பாத்து ஊறிப்போச்சு, காலில உணர்ச்சியே இல்லை எண்டான். அடுத்த நாள் காட்டுக்குள்ளால எல்லை கடத்திறன் எண்டு ஏஜென்சிக்காரன் சொன்னவனாம். நான் ஒரு கடையில போய்ப் பனிக்கு நல்லது எது எண்டு கேட்டன். விக்காமல் கிடந்த இதை எடுத்துத் தந்தான். சறுக்கிற சப்பாத்து எண்டு எனக்கு எங்க தெரியும்? வந்து இறங்கினவுடன போடட்டும் எண்டு வாங்கினன்.”

யோசப்பின்தான் தொடர்ந்தார்.

“நாலு பேர் காட்டுக்குள்ள போனவை. மூண்டு பேர்தான் வந்து சேர்ந்தது. இவற்ற தம்பி ஒரு மரத்தடியில இருந்து சப்பாத்தைக் கழட்டினவராம். நீங்கள் போங்கோ, நான் வாறன் எண்டவராம். பொலிஸிட்டக் கேட்டம், செஞ்சிலுவையிட்டக் கேட்டம். ஒரு தகவலும் இல்லை. இவ்வளவு காலமும், செத்தவைக்குக் குடுக்கிற பூசையைத் தம்பிக்குக் குடுக்க இவர் விடேலை. போன கார்த்திகை, மரிச்ச ஆத்துமாக்களின்ர திருநாளுக்குத்தான், தானாப் போய்ப் பங்குச் சுவாமியிட்டத் தம்பியின்ர பெயர் குடுத்தவர். வீட்டுக்கு வந்து, சப்பாத்தை வித்துப்போடு எண்டார்.”

“ஆரெண்டாலும் காலில போட வேணும்,” என்றார் சில்வெஸ்டர். “அதுக்குத்தானே வாங்கினது.” பிறகு உமாபதியின் பாதங்களைப் பார்த்தார். “உம்மட அளவென்ன?”

“நாற்பத்திரண்டுங்க.”

“ஒருக்காப் போட்டுப் பாரும்.”

உமாபதி காலை நுழைத்தான். விரல்கள் மடங்கின. அவன் குனிவதற்குள் சில்வெஸ்டர் தரையில் மண்டியிட்டு நாடாவைப் பிடித்துவிட்டார்.

“அண்ணா, வேண்டாங்க. நானே கட்டிக்கிறேன், ப்ளீஸ்.”

அவர் காதில் அது விழுந்ததாகத் தெரியவில்லை. ஒவ்வொரு கொக்கியாக மாட்டி, கணுக்காலில் இழுத்து முடிந்தார். பிறகு அவிழ்த்துக் கொஞ்சம் தளர்த்திக் கட்டினார்.

“இறுக்குதோ?”

“இல்லீங்க.” உண்மையில் வலித்தது.

“நடவும்.”

உமாபதி கதவுவரை நடந்து திரும்பினான். தடித்த அடி மரத்தரையில் சத்தமாக விழுந்தது. இன்னொருமுறை போய் வந்தான். மூன்றாவது முறை திரும்பும்போது சில்வெஸ்டர் தரையில் இருந்தபடியே இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டிருந்தார். யோசப்பின் பக்கத்தில் போய் நின்று அவர் தோளில் கை வைத்தார். உமாபதிக்கு நடக்கவும் முடியவில்லை, உட்காரவும் முடியவில்லை. அறை நடுவில் அப்படியே நின்றான்.

கொஞ்ச நேரத்தில் சில்வெஸ்டர் சாரத் தலைப்பால் முகத்தைத் துடைத்தார்.

“கொண்டு போம். வீட்டில வைக்கிறதெண்டாலும் வையும். ஒரு ஆள் போட்டு நடந்ததைக் கண்டிட்டன். அது போதும்.”

விலையை யோசப்பின் வாங்கிக்கொண்டார். சாப்பிடாமல் போகக்கூடாது என்று மறித்துச் சோறும் மீன்குழம்பும் போட்டார்.

ரயிலிலிருந்து உமாபதி போனில் பத்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னான். “அந்தக் காட்டை அவர் பார்த்திருக்காரா?” என்று கேட்டாள். அவனுக்குத் தெரியவில்லை. மறுநாள் போன் செய்து கேட்டான். சில்வெஸ்டர் பார்த்ததில்லை. துணிவு வரவில்லை என்றார். நான் கூட்டிப்போகிறேன் என்றான் உமாபதி.

பெப்ரவரியில் சில்வெஸ்டரும் யோசப்பினும் மியூனிக் வந்தார்கள். உமாபதி காரில் கூட்டிப்போனான், பத்மாவும் வந்தாள். தப்பி வந்தவர்கள் சொன்ன எல்லைக் கிராமத்தில், ஒரு மரம் அரியும் ஆலைக்குப் பின்னால் பாதை முடிந்தது. அதற்கப்பால் காடு. பனி முழங்கால் வரை கிடந்தது. உமாபதி அந்தச் சப்பாத்தைத்தான் போட்டு வந்திருந்தான்.

சில்வெஸ்டர் காரின் கதவைப் பிடித்தபடி நின்றார்.

“எனக்கு ஏலாது போல கிடக்கு.”

யாரும் அவரை வற்புறுத்தவில்லை. பிறகு அவராகவே சொன்னார். “நீர் முன்னால நடவும். நான் பின்னால வாறன்.”

பெண்கள் இருவரும் காரருகே நிற்க, உமாபதி பனியை மிதித்து மெதுவாக நடந்தான். அவன் கால் புதைந்த குழிகளிலேயே தன் கால்களை வைத்து அவர் வந்தார். நூறு அடி போயிருப்பார்கள். ஒரு பெரிய மரத்தடியில் அவர் நின்று சிலுவை போட்டுச் செபம் சொன்னார். முடித்துவிட்டு, பக்கத்து அறையில் இருப்பவரைக் கூப்பிடுவதுபோல ஒருமுறை, “ஜோன்சன்,” என்றார்.

மரங்களைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

“சரி,” என்றார் கடைசியில். “அவையள் குளிருக்க நிக்கினம். போவம்.”

திரும்பும்போது அவர் முன்னால் நடந்தார்.