பதினாலாம் நம்பர்

காசிவிஸ்வநாதன் எங்கள் மனுவை இரண்டு முறை புரட்டிப் பார்த்தார். நகராட்சி ஆபீஸ் கவுண்டருக்கு அந்தப் பக்கம் அவர். இந்தப் பக்கம் நானும் சன்னாசி அண்ணனும். வெஸ்ட்மூர் ரப்பர் தோட்டத்திலிருந்து முதல் பஸ் பிடித்து ஈப்போவுக்கு வந்திருந்தோம்.

"இது என்னம்மா? பதினாலு, பதினஞ்சு, பதினாறு..."

"எங்க நம்பருங்க சார்."

"ஐ.சி. நம்பர் எங்க? அடையாளக் கார்டு நம்பரு."

பெயருக்குப் பக்கத்தில் நம்பர் போட வேண்டும் என்று அறிவிப்பில் இருந்தது. தோட்டத்தில் நம்பர் என்றால் ஒன்றுதான். காலையில் ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுக்களத்தில் வரிசையாக நிற்கும்போது, கணக்கெழுதுகிற கிராணி செக்ரோல் பேரேட்டைப் பார்த்துக் கூப்பிடுகிற நம்பர். நான் பதினாலு. அறுபத்திரண்டு பேருக்கும் அதையே எழுதிவைத்திருந்தேன். ஒருவருக்குக்கூட அது தப்பாகத் தோன்றவில்லை.

அந்த அறிவிப்பை மூன்று வாரத்துக்கு முன் தோட்ட ஆபீஸ் வாசல் மரத்தில் ஆணியடித்திருந்தார்கள். தோட்டத்தை அழித்து நானூறு வீடு கட்டப்போகிறார்களாம். டவுனைச் சுற்றிப் பச்சையாகவே விட வேண்டிய நிலம் என்று வெள்ளைக்காரன் காலத்திலேயே கோடு போட்ட இடம் அது. ஆபீஸ் வாசலில் நிற்கிற மரங்களை நட்டு எழுபது வருஷம் ஆகிறது. எதிர்ப்பு இருந்தால் இருபத்தொரு நாளில் எழுதிக் கொடுக்கலாம் என்று கீழே பொடி எழுத்தில் போட்டிருந்தது. சங்கத் தலைவர் சன்னாசி அண்ணன்தான் ஆள் சேர்த்தார். ஆறாவது வரை படித்தவள் என்பதால் எழுதுகிற வேலை என்னிடம் வந்தது.

"நாளைக்குப் பன்னெண்டு மணியோட முடிஞ்சது. ஐ.சி. நம்பர் போட்டுக் கொண்டாங்க," என்றார் காசிவிஸ்வநாதன். "இன்னொண்ணு. மனு எழுதினவங்க பேரு மொதல்ல வரணும். விசாரணைக்குக் கூப்பிட்டா அவங்கதான் வந்து படிச்சுக் காட்டணும். ஒரு காப்பி தோட்டத்துக்கும் போகும்."

சன்னாசி அண்ணன் என்னை ஒரு தடவை பார்த்தார். "நான்தாங்க எழுதினேன்."

"ரெண்டாவது பாராவப் படிங்க."

அண்ணன் தாளைக் கையில் வாங்கி வெகு நேரம் பார்த்தார். "கண்ணாடி கொண்டாரலைலா."

"அண்ணே, கைநாட்டு வச்ச மை உங்க பெருவெரல்ல இன்னும் போவல," என்றார் காசிவிஸ்வநாதன்.

பஸ்ஸில் திரும்பினோம். புந்தோங் தாண்டியதும் அண்ணன் மெதுவாகச் சொன்னார். "ஒனக்குச் செவப்பு கார்டுன்னு எனக்கு ஞாபகமே வரல மங்களம்."

எனக்கு அது மறந்ததே இல்லை. மூன்று வயதில் அம்மாவின் இடுப்பில் ஊரிலிருந்து கப்பலேறி வந்தவள் நான். குடியுரிமை உள்ளவர்களுக்கு நீல ஐ.சி.; அது கிடைக்காத எனக்கும் அம்மாவுக்கும் சிவப்பு ஐ.சி. வருஷா வருஷம் வேலை பெர்மிட் புதுப்பிக்க வேண்டும். அடுத்த தவணை வருகிற மாதம். பத்து வருஷத்துக்கு முன் மாயாண்டி மாமாவுக்குப் புதுப்பித்துக் கொடுக்கவில்லை. ஊருக்கே போகச் சொல்லிவிட்டார்கள், பினாங்கில் கப்பலேற்றினோம். இரண்டு கடிதம் வந்தது. பிறகு வரவில்லை.

சாயந்திரம் எங்கள் வீட்டு வரிசையான லயத்தில் வீடு வீடாகப் போய் ஐ.சி. நம்பர்களை எழுதினேன். பக்கத்து வீட்டு வீரம்மாக்கா அரிசி டின்னுக்குள்ளிருந்து தன் கார்டை எடுத்து நீட்டினாள்.

"என்னோடது நீலம். இஷ்டம்போல எழுதிக்க. பயப்பட வேண்டியவ நீதான்டி. ஒன்னக் கப்பல் ஏத்திட்டா நான் யாருகிட்ட போயி தேங்கா கடன் கேக்குறதுலா?"

சிரித்தாள். நானும் சிரித்தேன். அவள் நம்பரில் ஐந்தை மூன்றாக எழுதிவிட்டேன். அடித்துவிட்டுத் திருத்தினேன்.

வீட்டில் அம்மா இரண்டு கார்டையும் மடியில் வைத்து உட்கார்ந்திருந்தாள்.

"எம்பேர எடுத்துரு. ஒம்பேரயும் எடுத்துரு."

"எழுதினதே நாந்தானம்மா. மொதப் பேரு இல்லாட்டி மனுவ வாங்க மாட்டாங்க."

"வீடு போனா வேற லயம் பாத்துக்கலாம். நாட்ட விட்டே அனுப்பிட்டா என்னடி செய்வ?"

"வேற லயம் எங்கம்மா இருக்கு? போன வருஷம் பக்கத்துத் தோட்டத்த அழிச்சாங்களே, இருந்தவங்க இப்ப எங்க கெடக்குறாங்க?"

அவர்கள் ஆற்றோரம் தகரக் கொட்டகையில் கிடப்பது அம்மாவுக்கும் தெரியும். தன் கார்டை முந்தானையில் முடிந்துகொண்டாள். என்னுடையதைப் பலகைமேல் வைத்துவிட்டு அடுப்பைப் பார்க்கப் போனாள். நான் அம்மா பெயரை அடித்தேன். அறுபத்தொன்று.

மறுநாள் பதினொன்றரைக்குக் கவுண்டரில் என் கார்டை வைத்தேன். காசிவிஸ்வநாதன் நிறத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். கார்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். சுவரில் கடிகாரம் இருந்தது. பதினெட்டு நிமிஷம். எந்தக் கதவு திறந்தாலும் போலீஸ்காரர் வருகிறார் என்றே நினைத்தேன். சன்னாசி அண்ணன் பக்கத்தில் நின்று பெருவிரல் மையைச் சட்டையில் தேய்த்துக்கொண்டே இருந்தார்.

கார்டு திரும்பி வந்தது. கூடவே முத்திரை குத்திய ஒரு ரசீது.

"பத்திரமா வச்சுக்கம்மா," என்றார்.

வெளியே வந்து படித்தேன். 'எதிர்ப்பாளர்: மங்களம் மற்றும் பிறர்' என்று இருந்தது. அறுபது பேரும் அந்தப் பிறருக்குள் போய்விட்டார்கள்.

நான்காம் நாள் காலைப் பெரட்டில் கிராணி வழக்கம்போலக் கூப்பிட்டுக்கொண்டு வந்தார். பன்னெண்டு. பதிமூணு. அடுத்து என் நம்பரைச் சொல்லவில்லை. பென்சிலைக் காதில் செருகினார்.

"மங்களம். பால் வாளிய வச்சிட்டு ஆபீஸுக்குப் போ. மேனேஜர் தொரை கூப்பிடுறார். கார்டும் பெர்மிட்டும் எடுத்துட்டு வரச் சொன்னார்."

இத்தனை வருஷத்தில் அந்தக் களத்தில் அவர் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை.

வாளியைக் கீழே வைத்தேன். கார்டும் பெர்மிட்டும் ரவிக்கைக்குள்தான் இருந்தன. நான்கு நாளாக அங்கேதான் வைத்திருந்தேன். ஆபீஸ் வெளிச்சத்தைப் பார்த்து நடந்தேன். பின்னால் கிராணி பதினைந்தைக் கூப்பிட்டார். பதினைந்து வீரம்மாக்கா. பதில் வரவில்லை. பதினாறைக் கூப்பிட்டார். அதற்கும் இல்லை.

பெரட்டு கலைந்தால் வாளிகள் ஒன்றோடொன்று இடிக்கிற சத்தம் தோட்டம் முழுக்கக் கேட்கும். அன்று கேட்கவில்லை. வேலைக்குப் போகாமல் எனக்காக நிற்கிறார்களா, எனக்கு என்ன ஆகிறதென்று பார்க்க நிற்கிறார்களா என்று திரும்பிப் பார்க்கத் தைரியம் வரவில்லை. ரவிக்கைமேல் கையை அழுத்திக்கொண்டு படியேறினேன்.