எல்லாவற்றுக்கும் ஆமா

...ஜி-யில் தொடங்கினால் பள்ளிக்கூடத்துக் கோமதி, கே-யில் தொடங்கினால் ஆதார் அட்டைக் கோமதி, இரண்டையும் அடித்தாயிற்று, பெரிய எழுத்தில், சின்ன எழுத்தில், பிறந்த தேதியை முன்னால் சேர்த்து, பின்னால் சேர்த்து, எதை அடித்தாலும் அதே வரிதான் வருகிறது, பாஸ்வேர்ட் தவறு, பாஸ்வேர்ட் தவறு... என்னத்தை வைத்துப் பூட்டித் தொலைத்தார் இந்த மனுஷர்? சங்கரன்கோவில் பஸ் ஸ்டாண்டுக்கு எதிர்மாடியில், பஸீலாவின் கம்ப்யூட்டர் கடையில், இசக்கிசெல்வி அந்தப் பென்டிரைவையே பார்த்துக்கொண்டிருந்தாள், கட்டைவிரல் நீளம்கூட இல்லை, அதற்குள்தான் கோமதி இருக்கிறாள், இவளுடைய கோமு, டெங்குக் காய்ச்சலில் ஆறு வயதில் போன மகள், அதற்குள் ஓடுகிறாள், பாடுகிறாள், பல் விழுந்த வாயைக் காட்டி இளிக்கிறாள், வெளியே அவளுக்கு என்ன மிச்சம், சுவரில் மாலை போட்ட ஒரு படம், அதுவும் பள்ளிக்கூட அடையாள அட்டைக்கு எடுத்தது, விறைத்து நிற்கிற யாரோ ஒரு பிள்ளை, அது கோமுவே இல்லை... கீழே திருவேங்கடம் பஸ் விடாமல் ஹாரன் அடித்தது, பஸீலா மின்விசிறியை இவள் பக்கம் திருப்பிவிட்டாள்.

பூட்டியது அவர்தான், கட்டின புருஷன் பேச்சிராஜ், தாலுகா ஆபீஸ் கிளார்க், யாரிடமும் அதிர்ந்து பேசாத மனுஷர். பிள்ளை போன பிறகு இவள் நாள் முழுக்கப் போனும் கையுமாகவே கிடந்தாள், சோறு அடிப்பிடித்தது, பால் பொங்கி அடுப்பு அணைந்தது, கோமு கோமுவென்று ஒரே வீடியோவைத் திரும்பத் திரும்ப... திருநெல்வேலி டாக்டர் கொஞ்சம் குறைக்கச் சொன்னார், குறைக்கத்தானே சொன்னார், ஒளிக்கவா சொன்னார்? ஒரு ஞாயிற்றுக்கிழமை இவள் தூங்கி எழுவதற்குள் எல்லாவற்றையும் பென்டிரைவில் ஏற்றி, இரண்டு போனிலும் அழித்து, அதைப் பூட்டிக் கொண்டுவந்து இவள் கையிலேயே கொடுத்தார், நீ தேறி வா, நானே தொறந்து தாரேன் என்றார், ஒங்களுக்கு அவ மேல பாசமே கெடையாது என்று இவள் கத்தினாள், நெஞ்சில் குத்தினாள், குத்தக் குத்த நின்றுகொண்டிருந்தார், ஒரு வார்த்தை திருப்பிச் சொல்லவில்லை, சொல்லியிருக்கலாம், அப்போது வாயில் பேச்சு இருந்தது... அந்தத் தை முடிவதற்குள் ஆபீஸில் நாற்காலியோடு சரிந்துவிட்டார். வலது கை போயிற்று, வலது கால் போயிற்று, பேச்சும் போயிற்று, மிஞ்சியது ஒரே ஒரு சொல், ஆமா. காப்பி வேண்டுமா, ஆமா. வேண்டாமா, ஆமா. கேட்பதெல்லாம் புரிகிறது அம்மா, வார்த்தைகளும் உள்ளேதான் இருக்கின்றன, வெளியே வருகிற வழிதான் அடைத்துவிட்டது என்றார் டாக்டர். எழுத்து அட்டையைக் காட்டிப் பார்த்தாள், இடது கை ந மேல் போய் நின்றது, பிறகு அது எல்லா எழுத்தின் மேலும் ஊர்ந்து கட்டிலை விட்டுக் கீழே தொங்கியது... அந்த ந என்ற எழுத்துக்கு ஏதாவது அர்த்தம் இருந்ததா, இல்லை கை வழுக்கி நின்ற இடமா?

பூட்டும்போது, பாஸ்வேர்ட் மறந்தால் திறப்பதற்கென்று நீளமாக ஒரு நம்பர் வரும், அதை எங்கேயாவது எழுதி வைத்திருப்பாரா என்று பஸீலா கேட்டாள், இவள் இல்லையென்று தலையாட்டினாள், வீட்டில் தேடாத இடமில்லை, அரிசிப் பானைக்குள்கூடக் கைவிட்டுப் பார்த்தாயிற்று. கல்யாண நாள், ஸ்கூட்டர் நம்பர், கோமு வளர்த்த கிளியின் பெயர், தன் பெயர்... தன் பெயரை அடிக்கும்போது ஒரு கூச்சம், அது திறக்கவில்லை என்றதும் ஒரு வலி, இந்த வயதில் இதற்கெல்லாம் வலிக்குமா? மிச்சமிருந்தது ஒன்றுதான், பிள்ளை போன தேதி. விரல் வரவில்லை. பஸீலாவே அடிக்கட்டும் என்று தேதியைச் சொன்னாள், சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள், திறந்துவிடக் கூடாது, அந்தத் தேதியில் மட்டும் திறந்துவிடக் கூடாது அம்மா, கோயிலில் இருக்கிற கோமதித் தாயே... திறக்கவில்லை. அப்பாடா என்று வந்த மூச்சு பாதியிலேயே நின்றது, இனி எதைச் சொல்வது?

“பாஸ்வேர்ட் இல்லாம எங்க கொண்டு போனாலும் தொறக்காதுக்கா,” என்றாள் பஸீலா. “எல்லாத்தையும் அழிச்சு, புதுசு மாதிரி ஆக்கித் தரலாம். அதத்தான் செய்ய முடியும்.”

புதுசு மாதிரி. அந்தச் சொல்லைத் தூக்கிக்கொண்டுதான் ரயில்வே கேட் வரை நடந்தாள், பூக்கடைகளில் யாரோ மல்லி வாங்கச் சொல்லிக் கூப்பிட்டார்கள், கேட் மூடியிருந்தது, திறந்தது, கோமுவின் பாட்டில் இரண்டாவது வரி என்ன, முதல் வரி வருகிறது, ராகம் வருகிறது, குரல் எங்கே? பேசுகிற குரல்கூட வேண்டாம், அம்மா என்று கூப்பிடுகிற அந்த ஒன்று... தேடத் தேட பக்கத்து வீட்டுப் பிள்ளையின் குரலே வந்து நின்றது. வீட்டில் அவர் கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார், துணைக்கு இருந்த பக்கத்து வீட்டு ஆறுமுகத்தாய் எழுந்து போனாள், இவள் செருப்பைக்கூடக் கழற்றாமல் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து அவர் முகத்தைத் தன் பக்கம் திருப்பினாள்.

“ஏங்க, பாஸ்வேர்ட் ஞாபகம் இருக்கா?”

“ஆமா.”

“இல்ல, மறந்துட்டியளா?”

“ஆமா.”

“தெரிஞ்சும் வேணும்னே சொல்ல மாட்டேங்குதியளா?”

“ஆமா.”

எப்போதும் போல ஒரே தொனி, ஒரே முகம், குழாயில் சொட்டுகிற தண்ணீர் மாதிரி, இதில் எதை எடுத்துக்கொள்வது, எதை விடுவது, இந்த மனுஷரோடு மல்லுக்கட்டி என்ன ஆகப்போகிறது... கேட்க வேண்டுமென்று நினைத்துக் கேட்கவில்லை, தானாக வாயில் வந்தது, “எனக்கு அவ குரலு மறந்துக்கிட்டே வருதுங்க. ஒங்களுக்கும் மறந்துட்டா?”

பதில் வரவில்லை. காத்திருந்தாள். உதடு லேசாகப் பிரிந்தது, அந்தச் சொல் விளிம்பு வரை வந்தது அவளுக்கே தெரிந்தது, அவர் வாயை மூடிக்கொண்டார், இடது கடைவாய் இறுகியது, கண்ணிலிருந்து நீர் வழிந்து காதுக்குள் போனது. சேலைத் தலைப்பால் துடைக்கப் போனவள் கை அப்படியே நின்றது... ஆமா சொல்லாமல் இருக்கவும் இவரால் முடிகிறதா? அப்படியென்றால், வேணும்னே சொல்ல மாட்டேங்குதியளா என்றதற்குச் சற்று முன்பு சொன்னாரே, கடைசியாக ஒரு ஆமா, அது?