துணி வீசினால்

லாரிக்கு முன்னால் முதலில் படுத்தது செலஸ்டின்தான். டயருக்கும் அவன் விலாவுக்கும் நடுவே கை நுழைக்க இடமில்லை. டிரைவர் ஹாரனை அமுக்கிக்கொண்டே இருந்தான். செலஸ்டினின் மச்சான் அமலதாசும் வேனில் கூட வந்தவர்களும் கல்குவாரிப் பாதையை மறித்து உட்கார்ந்தார்கள்.

எல்லோரும் புன்னைத்துறைக்காரர்கள். கடல் வருஷத்துக்கு வருஷம் ஏறிக் கல்லறைத் தோட்டத்தைத் தின்றுவிட்டு, இப்போது செலஸ்டின் வீட்டுப் பின்சுவரில் வந்து முட்டுகிறது. அரசாங்கம் கட்டிய தடுப்புச் சுவர் ஒரே ஆடியில் சரிந்தது. தேங்காய் அளவுக் கல்லைக் கொட்டினால் கடல் அதை எடுத்து வீட்டின் மேலேயே எறியும். எறிந்தது. செலஸ்டினின் அம்மாவுக்கு இடுப்பு உடைந்தது அப்படித்தான். ஆள் உயரக் கல் வேண்டும் என்று மனு மேல் மனுவாகக் கொடுத்தார்கள். சங்கரன்கோவில் பக்கத்துக் குவாரியில் இருந்துதான் கல் வருகிறது, அங்கே பெரிய கல் விழுவதில்லை என்று தடுப்புச் சுவர் வேலை பார்க்கும் இன்ஜினியர் கையை விரித்தார். அடுத்த ஆடிக்குள் பெரிய கல் வராவிட்டால் வீடு கிடையாது. அதனால்தான் நேரிலேயே பார்த்துவிடலாம் என்று கிளம்பி வந்திருந்தார்கள்.

வந்து பார்த்தால் குவாரியில் யானை யானையாகக் கல் கிடந்தது. லாரியில் ஏற்றித் தார்ப்பாய் போட்டு மூடிக்கொண்டிருந்தார்கள். எங்கே போகிறது என்று கேட்டதற்கு, மேற்கே புளியங்குடி வழியாக, மலை தாண்டி அடுத்த மாநிலத்துக்கு என்று டிரைவர் உளறிவிட்டான். கடலுக்கு என்றால் கிழக்கே கோவில்பட்டி ரோட்டில் அல்லவா போக வேண்டும்?

சூப்பர்வைசர் செல்வமணி நாலு ஆட்களோடு இறங்கி வந்தான். எல்லார் கையிலும் இரும்புக் குழாய்.

"வலை வீச வந்தியளாலே? இங்கன தண்ணியே கெடையாது."

"தண்ணி எங்ககிட்ட நெறையக் கெடக்கு அண்ணாச்சி," என்றான் செலஸ்டின், படுத்தபடியே. "கல்லைத் தாங்க. தண்ணியக் கொண்டு போங்க."

லாரி டிரைவரே சிரித்துவிட்டான். அந்தச் சிரிப்புதான் செல்வமணிக்குப் பொறுக்கவில்லை. குழாயை ஓங்கி இறக்கினான். தலைக்கு வந்ததைச் செலஸ்டின் கையால் தடுத்தான். முன்னங்கை எலும்பு பச்சை மட்டை முறிகிற சத்தத்தோடு முறிந்தது. அமலதாஸ் எழுந்து ஒருவனைக் கழுத்தோடு சேர்த்துப் பிடித்து லாரியின் பம்பரில் மோதினான். பல் உதிர்ந்தது. அதற்குள் ஒரு குழாய் அவன் முதுகில் விழுந்தது. கூட வந்த பெட்டிக்கடைக்கார ரொமால்டுக்குக் காது கிழிந்தது. அடித்து அடித்துக் குவாரி ஆட்களுக்குத்தான் மூச்சு வாங்கியதே தவிர, வந்தவர்கள் நகரவில்லை. மறுபடி உட்கார்ந்தார்கள். முறிந்த கையை மடியில் வைத்துக்கொண்டு செலஸ்டின் இன்ஜினியருக்குப் போன் போட்டான். பிரச்சினை பண்ணாமல் ஊருக்குப் போங்கள், மேலே பேசிவிட்டுச் சொல்கிறேன் என்று அவர் வைத்துவிட்டார்.

செல்வமணி பாறை மேலே ஏறிப் போனான். அன்றைய வெடிக்குக் குழிகளில் மருந்து கெட்டித்துத் திரி விட்டுத் தயாராக இருந்தது. வெடிக்காரன் மூக்காண்டி அங்கே நின்றான்.

"பத்த வையி. சத்தங் கேட்டா சிதறிருவானுவ."

"கீழ ஆளு இருக்கு அண்ணாச்சி."

"அதுக்குத்தான சொல்லுதேன்."

மூக்காண்டி தீப்பெட்டியை எடுக்கவில்லை. கன்னத்தில் ஓர் அறை விழுந்தது. செல்வமணியே பீடியைப் பற்ற வைத்து, அதன் நெருப்பைத் திரிகளில் வைத்துவிட்டு எதிர்ப்பக்கம் ஓடினான்.

திரியைப் பிடுங்கப் பார்த்தான் மூக்காண்டி. ஒன்றை அறுப்பதற்குள் மற்றவை உள்ளே போய்விட்டன. குழிகளைத் தாண்டித் தள்ளியிருந்த விளிம்புக்கு ஓடி விசில் ஊதினான், "வேட்டு, வேட்டு" என்று கத்தினான். கல் உடைக்கும் கிரஷர் இரைச்சலில் எதுவும் கீழே எட்டவில்லை. கம்பில் கட்டியிருந்த சிவப்புத் துணியை உருவி, தலைக்கு மேலே சுழற்றிச் சுழற்றி வீசினான்.

கீழே இருந்த குவாரி ஆட்கள் அதைக் கண்டதும் குழாய்களைப் போட்டுவிட்டுப் பறந்தார்கள். புன்னைத்துறைக்காரர்களும் கண்டார்கள். ஒருவன் உச்சியில் தனியாக நின்று துணி வீசுகிறான். அவனுடைய ஆட்களே அவனை விட்டுவிட்டு ஓடுகிறார்கள்.

"ஏலே, அவன் மாட்டிக்கிட்டான்லே," என்று எழுந்தான் செலஸ்டின்.

முறிந்த கையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு பாறையைப் பார்த்து ஓடினான். அமலதாஸ் பின்னாலேயே ஓடினான். மூக்காண்டி இன்னும் வேகமாக வீசினான். அவர்களும் இன்னும் வேகமாக ஓடினார்கள்.

பாறை வாயைத் திறந்தது. அமலதாஸ் தூக்கி எறியப்பட்டான். புழுதி அடங்கிப் பார்த்தபோது செலஸ்டினுக்கு இடுப்புக்கு மேலே கல் இருந்தது. ஆள் உயரக் கல். கால்கள் மட்டும் வெளியே கிடந்து கொஞ்ச நேரம் உதறின.

மூக்காண்டி உருண்டு புரண்டு இறங்கி வந்தான். அமலதாஸின் உள்ளங்கை எலும்பு தெரியக் கிழிந்திருந்தது. மூக்காண்டி தன் கையில் இருந்த சிவப்புத் துணியாலேயே அதைச் சுற்றிக் கட்டினான்.

"எதுக்குலே வீசின?" என்று கேட்டான் அமலதாஸ்.

"போங்க போங்கன்னுதான்யா வீசினேன். செவப்புத் துணின்னா ஓடிப் போயிரணும்லா?"

அமலதாஸ் அவனையே பார்த்தான். "கடல்ல துணி வீசினா வாங்கன்னு அர்த்தம்லே. படகு முழுகுதவன் வீசுவான். அறுத்துக் கொல்லணும்னு நெனச்சிருக்க எதிரியா இருந்தாலும் போயித்தான் ஆகணும்." பிறகு, "திரி வச்சது யாரு?" என்றான்.

மூக்காண்டி ஆபீஸ் ஷெட்டைக் கைகாட்டினான்.

செல்வமணி உள்ளே போனில் பேசிக்கொண்டிருந்தான். அமலதாஸ் கடப்பாரையோடு போனான். முதல் அடி முழங்காலில். அடுத்த காலுக்கு இரண்டு அடி தேவைப்பட்டது. அதற்கு மேல் அடிக்கவில்லை. கடப்பாரையைக் கீழே போட்டுவிட்டுப் போலீஸ் வரும்வரை வாசலிலேயே உட்கார்ந்திருந்தான்.

சாயங்காலம் சங்கரன்கோவில் அரசு ஆஸ்பத்திரி ரோடு அடைபட்டிருந்தது. புன்னைத்துறையே வந்து உட்கார்ந்துவிட்டது. கல் வந்தால்தான் உடலை வாங்குவோம் என்று செலஸ்டினின் மனைவி பெர்க்மான்ஸ் மேரி சொல்லிவிட்டாள். தாசில்தார் மைக்கைப் பிடித்தார். குவாரியில் ஏற்றி நிற்கும் பெரிய கல் எல்லாம் இன்றே, போலீஸ் காவலோடு, புன்னைத்துறைக்குப் போகும். அரசாங்கம் உங்கள் பக்கம்தான் என்றார். பக்கத்தில் நின்ற இன்ஜினியர் தலையாட்டினார். லாரிகள் போக வழி மட்டும் விடச் சொன்னார்கள். பெர்க்மான்ஸ் மேரி யோசித்துவிட்டுக் கையை அசைத்தாள். ஜனம் ஓரமாக ஒதுங்கி உட்கார்ந்தது. தார்ப்பாய் மூடிய லாரிகள் வரிசையாக அவர்களைக் கடந்து போயின. சில பெண்கள் கும்பிட்டார்கள்.

ரிமாண்டுக்கு முன் டாக்டரிடம் காட்டுவதற்காக அமலதாஸை ஏற்றி வந்த ஜீப், நெரிசலில் உள்ளே வர முடியாமல், ரோடு திரும்புகிற முக்கில் நின்றது. ஜனம் உட்கார்ந்திருந்த இடத்தில் இருந்து முக்குக்கு அப்பால் தெரியாது. ஜீப்பில் இருந்து தெரிந்தது. முதல் லாரி மேற்கே, புளியங்குடி ரோட்டில் திரும்பியது. பின்னால் வந்த லாரிகளும் அதன் பின்னாலேயே போயின. முன்னால் போன போலீஸ் வண்டி அதற்கு வழி விலக்கிக் கொடுத்தது.

"ஏட்டையா, அது புளியங்குடி ரோடுதான?"

"சும்மா இருவே," என்றார் ஏட்டு. குரலில் அதிகாரம் இல்லை.

அமலதாஸ் உள்ளங்கைக் கட்டின் முடிச்சைப் பல்லால் கடித்து இழுத்தான். சதையோடு ஒட்டிக் காய்ந்திருந்த துணி பிய்ந்து வந்தது. ரத்தம் மறுபடி கொட்டியது. ஏட்டு கையைப் பிடிப்பதற்குள் இடுப்புவரை ஜன்னலுக்கு வெளியே சாய்ந்து, தலைக்கு மேலே துணியைச் சுழற்றி வீசினான்.

முதலில் பெர்க்மான்ஸ் மேரி எழுந்தாள். அப்புறம் ரோட்டில் உட்கார்ந்திருந்த அத்தனை பேரும் எழுந்தார்கள். லத்திகள் உயர்ந்தன. அவர்கள் துணியைப் பார்த்து ஓடி வந்தார்கள்.