பன்னிரண்டாம் பக்கத்துக் கடைசி வரி

உபுகாதா தன் வாழ்நாளில் எழுதிய ஒரே புத்தகம் அச்சகத்திலிருந்து வந்து மூன்று நாள்தான் ஆகியிருந்தது. 'மினோஹாரா சிம்ஃபனியின் எழுபது ஆண்டுகள்'. கெட்டி அட்டை, இரண்டாயிரம் பிரதி. அந்த ஜப்பானிய இசைக்குழுவில் அவர் வாசிப்பது கான்ட்ராபாஸ், அதாவது ஆளைவிட உயரமான வயலின். அது கல்யாண வீட்டுப் பந்தல்கால் மாதிரி. அது நின்றுகொண்டிருக்கும் வரை யாரும் ஏறிட்டுப் பார்ப்பதில்லை. அதனாலோ என்னவோ, எழுத இடம் கிடைத்ததும் மனிதர் கொஞ்சம் அதிகமாகவே முழங்கிவிட்டார்.

முக்கியமாகப் பன்னிரண்டாம் பக்கத்தில். உலகப் போர் முடிந்த சில வருடங்களில் ஒரு தோஃபு கடைக்காரரும் ஒரு பல் டாக்டரும் நான்கு வாத்தியார்களும் சேர்ந்து தொடங்கிய குழு அது. குளிர்காலந்தோறும் மலைப் பள்ளிகளுக்குப் போய், வாத்தியங்களைப் பனிச்சறுக்கு வண்டியில் இழுத்துப்போய் வாசித்தார்கள். அதையெல்லாம் விவரித்துவிட்டுக் கடைசியில் ஒரு வரி போட்டிருந்தார்: 'வருகிறோம் என்று சொன்ன எந்தப் பள்ளிக்கும் நாங்கள் வராமல் இருந்ததில்லை.'

இப்போது யுகிசாவா தொடக்கப்பள்ளியின் உடற்பயிற்சிக் கூடத்தில், விருந்தாளிகளுக்கென்று வைத்திருந்த பழுப்புச் செருப்பை மாட்டிக்கொண்டு நடுங்கியபடி, காதில் போனை வைத்துக்கொண்டு நின்றார்.

"கணவாய மூடிட்டாங்க, பனிச்சரிவு" என்றார் லாரி டிரைவர். "சாயங்காலம் தொறந்தாலே அதிர்ஷ்டந்தான்."

குழு வந்த பஸ் மட்டும் அரைமணி முன்னால் கணவாயைத் தாண்டியிருந்தது. கையில் தூக்கக்கூடிய வயலினும் குழல்களும் அதில் வந்துவிட்டன. பெரிய வாத்தியங்களும் முரசுகளும், எல்லாவற்றுக்கும் மேலாக நோட்டுத்தாள்களும், லாரியில். தாள் இல்லாமல் நாற்பது பேரால் சேர்ந்தாற்போலத் தும்மக்கூட முடியாது.

"பரவால்லீங்க" என்றார் தலைமையாசிரியர். "வேற ஒரு நாள் வச்சுக்கலாம்."

"ஐயையோ, முடியாதுங்க! ரெண்டாயிரம் காப்பி அடிச்சாச்சு!"

தலைமையாசிரியர் விழித்தார். முதல் வயலின்காரி மதராமே விளக்கினார். "நாங்க வராம இருந்ததே இல்லைன்னு இவரு புக்குல போட்டுட்டாரு சார். உபுகாதா சான், எதுக்குப் பதறுறீங்க? 'வந்தோம்'னுதான எழுதுனீங்க? வாசிச்சோம்னு எழுதலையே. வந்தாச்சுல்ல, கணவாய் தொறந்ததும் திரும்பிப் போவோம்."

"நீங்க வக்கீலுக்குப் படிச்சிருக்கணும்" என்றார் முரசுக்காரர் ஹாகா.

"வராம இருந்ததில்லையா? யாரு சொன்னது?"

குரல் சமையற்கட்டு வாசலிலிருந்து வந்தது. மதியச் சாப்பாடு சமைக்கும் ஒஷிகிரி அம்மாள், வெள்ளைத் தொப்பியும் ரப்பர் பூட்ஸுமாக நின்றார். "அறுபத்து மூணுல, பெரும்பனி வருஷம். நான் ரெண்டாங்கிளாஸ். காலையிலேர்ந்து இதே எடத்துல ஒக்காந்திருந்தோம். மூணு மணிக்கு வாத்தியார் வீட்டுக்குப் போங்கன்னுட்டாரு. ரயிலே ஓடலை, ஒங்களக் குத்தம் சொல்லல. ஆனா வரலைன்னா வரலதான?"

உபுகாதாவுக்குக் காது சூடானது. குழுவின் அந்த வருடப் பதிவேட்டில் ஒரு பக்கம் காலியாக இருந்ததை அவர் பார்த்திருந்தார். கச்சேரி ஏற்பாடே இல்லை போலிருக்கிறது என்று, மனசுக்கு வசதியாகத் தாண்டிப் போயிருந்தார்.

ஆக, காப்பாற்றுவதற்கு இனி ஒரு வரியும் இல்லை. கணவாய் திறந்ததும் நிம்மதியாக பஸ் ஏறலாம். ஆனால் வாய் சும்மா இருக்கவில்லை.

"அன்னிக்கு என்ன வாசிக்கிறதா இருந்துச்சும்மா?"

"வேற என்ன, எங்க ஸ்கூல் பாட்டுதான். ஒங்களோட சேர்ந்து பாடணும்னு ஒரு மாசம் பழகினோம். எனக்கு முன்பல்லு ரெண்டும் இல்ல. ஆனா முன் வரிசை!"

உபுகாதா அண்ணாந்து பார்த்தார். மேடைக்குப் பக்கத்துச் சுவரில், கதவளவு பலகையில், பள்ளிப் பாட்டு, வரிகளும் சுரங்களுமாகப் பெரிதாக எழுதி மாட்டியிருந்தது.

"மதராமே சான், தூரத்துக் கண்ணாடி கொண்டாந்திருக்கீங்களா?"

நாற்பது நாற்காலிகளும் சுவர்ப்பக்கம் திரும்பின. பிள்ளைகளுக்குக் கிடைத்தது நாற்பது முதுகு. இசை நடத்துநர் நிமிர்ந்தால் இரண்டாம் வரி மறைந்தது. பாவம், குந்தியபடியே கையை ஆட்டினார். ஹாகா, பிள்ளைகள் தாண்டிக் குதிக்கும் மரப்பெட்டியை முரசாக்கிக்கொண்டார். உபுகாதாவுக்குக் கிடைத்தது, பிள்ளைகள் குழாய் வைத்து ஊதி வாசிக்கும் சின்னக் கீபோர்டு. அதன் சொந்தக்காரி ஒரே ஒரு நிபந்தனை போட்டாள்: "எச்சி படாம ஊதணும்."

முதல் தடவை படுதோல்வி. குழல்கள் ஒரு வரி முந்திக்கொண்டு ஓடின. பிள்ளைகள் தரையில் உருண்டு சிரித்தார்கள். இரண்டாம் தடவைக்கு அவர்களும் பாட எழுந்தார்கள். வாசலிலேயே நின்ற ஒஷிகிரியைப் பார்த்தார் உபுகாதா.

"அங்க என்னம்மா? ஒங்க எடம் முன் வரிசைதான?"

"அடுப்புல கறிக்குழம்பு இருக்குங்க."

"இருக்கட்டும். அம்பத்தாறு வருஷம் நீங்க காத்திருந்தீங்க. அது அஞ்சு நிமிஷம் காத்திருக்கட்டுமே."

ஒஷிகிரி தொப்பியைக் கழற்றிப் பைக்குள் செருகிக்கொண்டு, இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு நடுவில் போய் நின்றார். நாற்பது பேரும் பலகையைப் பார்த்து வாசித்தார்கள். அவர் எதையும் பார்க்காமல் பாடினார். வழக்கம்போல உபுகாதாவின் வாத்தியம் மட்டும் யாருக்கும் கேட்கவில்லை. கண்ணாடி ஏனோ மங்கிப்போய், கடைசி வரியை அவர் குத்துமதிப்பாகத்தான் ஊதினார்.

அடுத்த வாரம் ஒத்திகை முடிந்ததும் குழு முழுவதும் பசையும் கையுமாக உட்கார்ந்து இரண்டாயிரம் துண்டுச்சீட்டுகளை ஒட்டியது. திட்டிக்கொண்டேதான்.

'திருத்தம். பக்கம் 12, கடைசி வரி: "வராமல் இருந்ததில்லை" என்பதை, "யுகிசாவாவுக்கு மட்டும் ஐம்பத்தாறு வருடம் தாமதமாக வந்தோம்" என்று மாற்றிப் படிக்கவும்.'

முதல் பிரதி ஒஷிகிரி அம்மாளுக்குப் போனது. பதிலுக்கு ஒரு தபால் அட்டை வந்தது.

'புத்தகம் கிடைத்தது. அன்றைக்குக் குழம்பு அடிப்பிடித்துவிட்டது. அதையும் சேர்த்துப் போட்டிருக்கலாம்.'