குரோகியின் மரம் பூத்த வெள்ளிக்கிழமை

என் மனிசனுக்கு ஒரு கெட்ட பழக்கம். வெள்ளிக்கிழமை விடிந்தால் அயல் வீட்டு வேலிக்கு மேலால் கை நீளும். "சாமிக்குப் பிடுங்கிறது களவில்லையப்பா" என்பார். சாமி கேட்டவரா? நாட்டை விட்டுக் கடல் கடந்து கிளென் ஈடனுக்கு நாங்கள் வந்து நாலாம் வருஷம், எண்பத்தேழில், அந்தக் கை குரோகியின் மரத்தில் போய் விழுந்தது.

குரோகி பக்கத்து வீட்டு ஜப்பான்காரர், மர ஆராய்ச்சியாளர். பெண்சாதி பிள்ளை இல்லை, ஒரு கடிதம்கூட வராது. வேலியில் என்னைக் கண்டால் அந்த மரத்தைப் பற்றித்தான் கதை. வடக்கே ஒரு தீவில் அந்த இனத்தில் ஒரேயொரு மரம்தான் மிச்சம். அது பெண். பனையைப் போல ஆண் வேறு, பெண் வேறு. அங்கே நின்ற ஆண் மரம் புயலில் விழுமுன் பெண் மரத்தில் பழுத்த கடைசி விதையைக் குரோகி முளைக்க வைத்து, எப்போது பூக்கும் என்று பதினொரு வருஷம் காத்திருந்தார். ஆண் பூ என்றால் இனம் பிழைக்கும். பெண் என்றால் அதோடு சரி.

ஒடாஹுஹுவில் தொழிற்சாலையில் இரவு வேலை செய்கிற என் மனிசனுக்கு இதெல்லாம் எங்கே காதில் ஏறியது! குரோகி வெளியூர் போயிருந்த கிழமை மரம் பூத்தது. இவர் ஒன்று விடாமல் பிடுங்கிப் பிள்ளையார் படத்துக்கு வைத்துவிட்டார்.

"ஐயோ, என்ன மனிசனப்பா நீங்கள்! அந்தாள் பிள்ளையைப் போல வளர்த்த மரமெல்லோ!"

"நல்ல வெள்ளைப் பூவா இருந்துது..." என்று இழுத்தார்.

பின்னேரம் குரோகி வந்ததும் நானே போய்ச் சொன்னேன். அவர் எங்கள் வீட்டுக்கு வந்து, வாசலில் சப்பாத்தைக் கழற்றிவிட்டுப் படத்தின் முன் நின்றார்.

"தொடலாமா?"

"எடுங்கோ, எடுங்கோ" என்றார் இவர்.

குரோகி சட்டைப்பையிலிருந்து பூதக்கண்ணாடியை எடுத்து ஒவ்வொரு பூவாகப் பார்த்தார்.

"பெண்" என்றார்.

"எல்லாமா?"

"எல்லாம்."

"நான் பிடுங்கினபடியால்தான்..." என் மனிசன் அழத் தொடங்கினார்.

"இல்லை. மரத்தில் இருந்தாலும் பெண்தான்."

பூக்களைத் திரும்பப் பிள்ளையாரின் காலடியில் வைத்தார். சாப்பிடச் சொன்னேன். "பிறகு" என்றார். வரமாட்டார் என்று தெரியும். எனக்கு மனம் கேட்கவேயில்லை.

அடுத்த வெள்ளி காலையில் கதவு தட்டுகிற சத்தம் கேட்டது. குரோகிதான். கையில் ஒரு கோப்பை நிறைய, மரத்தில் புதிதாக விரிந்த பூ.

"உங்கள் சாமிக்கு. என்னிடம் இதற்கு இனி வேலையில்லை."

"உள்ளுக்கு வாங்கோ, நீங்களே வையுங்கோ" என்றேன்.

வைத்தார். பிள்ளையாரைப் பார்த்துக்கொண்டே நின்றவர் கேட்டார்:

"இவருக்குக் குடும்பம்?"

"கலியாணமே இல்லை. தனிக்கட்டை" என்றார் என் மனிசன்.

"அப்படியென்றால் கொஞ்ச நேரம் இருக்கிறேன்" என்று குரோகி படத்துக்குப் பக்கத்தில், தரையில் உட்கார்ந்தார்.